விஎம்முக்குள் விஎம் எழும்பாவிட்டால் எந்த அடுக்கில் தேடுவது?

ஒரு சனிக்கிழமை பின்னேரம், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நாங்கள் சிலர் கூடிப் படிக்கிற அறைக்கு ஒரு தங்கச்சி லப்டொப்போடு வந்தார். இருக்க முன்னமே திரையைத் திருப்பிக் காட்டினார்.

"அண்ணை, வேர்ச்சுவல்பொக்ஸுக்குள்ள புரொக்ஸ்மொக்ஸ் வடிவாப் போட்டிட்டன். அதுக்குள்ள ஒரு சின்ன லினக்ஸ் விஎம் செய்தன். அது மட்டும் எழும்புதில்லை. மூண்டு தரம் அழிச்சுத் திருப்பிச் செய்து பாத்திட்டன்."

விஎம் என்பது ஒரு கணினிக்குள் பாவனையாக ஓடும் இன்னொரு கணினி. வேர்ச்சுவல்பொக்ஸ், புரொக்ஸ்மொக்ஸ் இரண்டும் அப்படியான விஎம்களை ஓட்டும் மென்பொருட்கள். கேவிஎம், லினக்ஸுக்குள் அந்த வேலையைச் செய்யும் பகுதி. பயாஸ், கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரல். திரையில் ஆங்கிலத்தில் இருந்த பிழைச் செய்தியின் பொருள் இதுதான்: 'கேவிஎம் கேட்கப்பட்டிருக்கிறது, ஆனால் இங்கே இல்லை. விஎம்மின் அமைப்பில் அதை நிறுத்துங்கள், அல்லது பயாஸில் இயக்குங்கள்.'

"பயாஸுக்குள்ள போய்ப் பாத்தீரா?" என்று கேட்டேன்.

"பாத்தன் அண்ணை. அது எனேபிள் எண்டுதான் கிடக்கு. பிறகும் உதையே சொல்லுது."

அவர் பார்த்ததும் சரி, செய்தி சொன்னதும் சரி. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்பது விளங்கினால் இந்த விஷயத்தில் பாதி விளங்கிவிடும். அந்தச் செய்தியைச் சொன்னது புரொக்ஸ்மொக்ஸ். தான் ஒரு லப்டொப்பின் வேர்ச்சுவல்பொக்ஸுக்குள் இருப்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. தனக்குத் தரப்பட்ட கணினியை முழுக் கணினியாகவே எண்ணிப் பேசுகிறது. அது சொல்லும் பயாஸ், அந்தப் பாவனைக் கணினியின் பயாஸ். அதற்குள் போனால் அப்படியொரு ஆளி கிடையாது. அந்த ஆளி இருப்பது வெளியே, வேர்ச்சுவல்பொக்ஸின் அமைப்புப் பக்கத்தில்.

சரி, முதலில் பெயர்களை வைத்துக்கொள்வோம். ஒரு கணினிக்குள் பாவனையாக இன்னொரு கணினியை உண்டாக்குவது மெய்நிகராக்கம். அப்படி உண்டாகும் கணினி மெய்நிகர் இயந்திரம், பேச்சில் விஎம். அதை உண்டாக்கி, வளங்களைப் பங்கிட்டு, கட்டி மேய்க்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர். விஎம் ஒன்றுக்குள்ளேயே இன்னொரு ஹைப்பர்வைசரைப் போட்டு, அதற்குள் இன்னும் ஒரு விஎம்மை ஓடவிட்டால் அது நெஸ்டட் மெய்நிகராக்கம், அதாவது அடுக்குக்குள் அடுக்கு. உண்மையான கணினியில் ஓடும் ஹைப்பர்வைசர் எல்-0. அதற்குள் இருக்கும் விஎம் எல்-1. அதற்கும் உள்ளே இருப்பது எல்-2. தங்கச்சியின் லப்டொப்பில் வேர்ச்சுவல்பொக்ஸ் எல்-0, புரொக்ஸ்மொக்ஸ் எல்-1, எழும்ப மறுத்த சின்ன லினக்ஸ் எல்-2.

எங்கள் ஊரில் காணி உறுதி வாசித்தவர்களுக்குக் கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால் பங்கு என்ற சொற்கள் பழக்கமானவை. வற்றாத ஆறு இல்லாத குடாநாடு இது. சுண்ணாம்புக் கல்லுக்கடியில் ஊறும் நீரை நம்பித்தான் இருக்கிறோம். சில வளவுகளுக்குப் பொதுவாக ஒரு கிணறு என்றால், யாருக்கு எத்தனை பங்கு என்பது உறுதியிலேயே எழுதப்பட்டிருக்கும். அப்படி ஒரு வீட்டை ஓர் ஆசிரியர் வாடகைக்கு எடுக்கிறார். எடுத்த வீட்டில் ஓர் அறையைக் கம்பஸ் பிள்ளை ஒருவருக்குக் கொடுக்கிறார். அந்தப் பிள்ளை குளிக்க வேண்டுமென்றால் கிணற்றில் நீர் இருக்க வேண்டும். வீட்டுக்காரரின் உறுதியில் பங்கு இருக்க வேண்டும். வீட்டுக்காரர் அந்தப் பங்கை வாடகைக்காரருக்கு விட்டிருக்க வேண்டும். வாடகைக்காரர் அறைக்காரருக்கு விட்டிருக்க வேண்டும். இடையில் ஒருவர் விடவில்லையென்றால் அறையில் பைப்பைத் திறக்கக் காற்றுத்தான் வரும். பைப்பை மூன்று தரம் கழற்றிப் பூட்டினாலும் அதே காற்றுத்தான். எல்-2 ஐ மூன்று தரம் அழித்துச் செய்ததும் அப்படித்தான்.

இங்கே கிணறு என்பது செயலியில் இருக்கும் மெய்நிகராக்க வசதி. இன்டெல் செயலிகளில் அதன் பெயர் விடி-எக்ஸ். ஏஎம்டி செயலிகளில் ஏஎம்டி-வி, பயாஸில் பெரும்பாலும் எஸ்விஎம் என்று எழுதியிருக்கும். இந்த வசதி எப்போதும் இருந்ததில்லை. ஒரு செயலியை முறையாக மெய்நிகராக்க என்ன வேண்டும் என்று ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் எழுதிய கட்டுரை 1974 இல் வந்தது. யாழ்ப்பாண வளாகம் தொடங்கிய அதே ஆண்டு. மெய்நிகர் இயந்திரத்துக்குள் இன்னொரு மெய்நிகர் இயந்திரம் சாத்தியமா என்ற கேள்வியையும் அவர்கள் அதிலேயே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பிற்காலத்தில் வீடுகளுக்கு வந்த எக்ஸ்86 செயலிகள் அவர்கள் சொன்ன நிபந்தனைக்கு அடங்கவில்லை. 1999 இல் வந்த விஎம்வெயார் வேர்க்ஸ்டேஷன் என்ற ஹைப்பர்வைசர், ஓடும் கட்டளைகளை ஓட ஓடவே மாற்றி எழுதித்தான் வேலையைச் சமாளித்தது. 2005 இல் இன்டெலும் 2006 இல் ஏஎம்டியும் செயலிக்குள்ளேயே உதவியைக் கொண்டுவந்தன. அதற்குப் பிறகுதான் விஎம் என்பது சாதாரண லப்டொப்பிலும் சுகமாக ஓடும் பொருளானது.

இனி, இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். செயலியில் ஹைப்பர்வைசருக்கென்று ஒரேயொரு ஆசனம்தான் உண்டு. இரண்டாவது ஆசனம் கிடையாது. எல்-0 அதில் இருக்கும்போது எல்-1 எப்படி ஹைப்பர்வைசராக வேலை செய்கிறது? எல்-0 அதற்கு ஒரு பாவனை ஆளியைக் கொடுத்திருக்கிறது. வாடகைக்காரரின் சுவரில் மோட்டர் ஆளி ஒன்று இருக்கிறது, ஆனால் அதன் கம்பி மோட்டருக்குப் போகவில்லை, வீட்டுக்காரரின் வீட்டு மணிக்குப் போகிறது என்று வையுங்கள். ஆளியைத் தட்டினால் அங்கே மணி அடிக்கும். அவர் வந்து உண்மையான மோட்டரைப் போடுவார். வாடகைக்காரருக்குத் தண்ணீர் வந்துவிடும், நடுவில் நடந்தது தெரியாது.

அதுபோல எல்-1 தன் விஎம்மைத் தொடங்கக் கட்டளை கொடுத்ததும் செயலி அதை நிறுத்தி எல்-0 இடம் கொண்டுபோகிறது. எல்-1 தன் விஎம்முக்காக எழுதிவைத்த குறிப்பை எல்-0 வாசிக்கிறது. தான் எல்-1 க்காக வைத்திருக்கும் குறிப்போடு அதைச் சேர்க்கிறது. மூன்றாவதாக ஒரு குறிப்பை உண்டாக்கி, அதன்படி எல்-2 ஐத் தானே ஓடவிடுகிறது. எல்-1 தான் ஓட்டுவதாக எண்ணும் விஎம்மை உண்மையில் ஓட்டுவது எல்-0. எல்-2 இல் ஒரு தடங்கல் வந்தால் செயலி எல்-1 க்குப் போவதில்லை, நேரே எல்-0 க்குத்தான் போகும். எல்-0 பார்த்து, 'இது உன்னுடைய பிள்ளையின் விஷயம்' என்று எல்-1 ஐ எழுப்பும். எல்-1 தன் குறிப்பைப் புரட்டும். புரட்டும் ஒவ்வொரு தடவையும் பழைய இன்டெல் செயலிகளில் மறுபடி எல்-0 க்கு ஓட்டம். 2010 இல் ஐபிஎம்மின் ஹைஃபா ஆய்வுக்கூடத்தினர் ஆமைகள் என்று பெயரிட்ட திட்டத்தில் இந்த முறையை கேவிஎம்மில் நன்றாக ஓடச் செய்து காட்டினார்கள். 2013 இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறை இன்டெல் செயலிகள், அந்தக் குறிப்புப் புரட்டலில் பெரும்பகுதியை எல்-0 க்கு ஓடாமலே முடிக்க வழி செய்தன. இதற்காகவே, பழைய லப்டொப் வாங்கப் போகிற பிள்ளைகளிடம் ஹாஸ்வெல்லுக்கு முந்தியதை எடுக்காதீர்கள் என்று சொல்கிறேன்.

பிழை தேடும்போது கீழே கிணற்றிலிருந்து மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: வசதி இதுவரை வந்து சேர்ந்ததா?

முதற்படி இரும்பு, அதாவது வன்பொருள். விண்டோஸில் டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தட்டினால், வேர்ச்சுவலைசேஷன் என்ற வரிக்கு நேரே எனேபிள்ட் என்று இருக்க வேண்டும். டிஸேபிள்ட் என்றால் பயாஸுக்குப் போய் இயக்க வேண்டும். திங்பேட் லப்டொப்புகளில் அது செக்யூரிட்டி பக்கத்தில் இருக்கும். வேறு சிலவற்றில் சிபியு அமைப்புப் பக்கத்தில். மாற்றிய பிறகு ஒரு தடவை முற்றாக அணைத்துப் போடுவது நல்லது.

தங்கச்சியின் லப்டொப்பில் அது எனேபிள்ட். அப்படியென்றால் கிணற்றில் நீர் இருக்கிறது. அடுத்த படி எல்-0. வேர்ச்சுவல்பொக்ஸில் புரொக்ஸ்மொக்ஸின் அமைப்பைத் திறந்து, சிஸ்டம் பக்கத்தில் புரொசசர் பிரிவுக்குப் போனோம். நெஸ்டட் விடி-எக்ஸ் என்று ஒரு டிக் பெட்டி. அதில் டிக் இல்லை. விஎம்மை அணைத்துவிட்டு டிக் போட்டோம். (சிலருக்கு அந்தப் பெட்டி சாம்பல் நிறத்தில் கிடந்து, தட்ட விடாது. அப்போது விபொக்ஸ்மனேஜ் என்ற கட்டளைக் கருவியால் அதே அமைப்பை மாற்றிப் பார்க்கலாம். ஏஎம்டிக்கு இந்த வசதி 6.0 பதிப்பிலும் இன்டெலுக்கு 6.1 பதிப்பிலும்தான் வந்தது. பதிப்பு பழையதென்றால் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும்.)

போட்டுத் தொடங்கினோம். அதே செய்தி.

தங்கச்சியின் முகம் வாடிவிட்டது. நான் புரொக்ஸ்மொக்ஸ் சாளரத்தின் கீழ் வலது மூலையைக் காட்டினேன். வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். அவற்றுக்குள் ஒரு பச்சை ஆமை. விரல் நுனியில் பாதியளவு இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. வேர்ச்சுவல்பொக்ஸ் செயலியோடு நேராகப் பேசும்போது அந்த இடத்தில் ஆமை இருக்காது. ஆமை வந்துவிட்டது என்றால், ஹைப்பர்வைசர் ஆசனத்தில் வேறு யாரோ ஏற்கனவே இருக்கிறார், வேர்ச்சுவல்பொக்ஸ் அவர் வழியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடுகிறது என்று பொருள். நாங்கள் எல்-0 என்று நினைத்தது உண்மையில் எல்-0 இல்லை.

அந்த வேறு யாரோ, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி. தான் அதைப் போடவேயில்லை என்றார் தங்கச்சி. அவர் போட்டிருக்கத் தேவையில்லை. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 ஐப் போட்டிருந்தால், அல்லது விண்டோஸ் சான்ட்பொக்ஸைப் போட்டிருந்தால், அது உள்ளே வந்துவிடும். எதையும் போடாவிட்டாலும், விண்டோஸ் 11 இல் கோர் ஐசோலேஷன் பக்கத்தில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் இதே ஆசனத்தைப் பிடித்திருக்கும். பல புதிய லப்டொப்புகளில் அது தொடக்கத்திலிருந்தே இயங்குகிறது. உறுதியாக அறிய, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் சாளரத்தைத் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள். ஒரு ஹைப்பர்வைசர் கண்டுபிடிக்கப்பட்டது என்ற வரி அங்கே இருந்தால் ஆசனம் போய்விட்டது. டாஸ்க் மனேஜர் அப்போதும் எனேபிள்ட் என்றுதான் சொல்லும். நீர் இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும், யார் இறைக்கிறார் என்று பார்க்காது.

இந்த இடத்தில் இரண்டு வழி. ஒன்று, ஹைப்பர்-வியை ஆசனத்திலிருந்து இறக்கிவிடுவது: விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, வேர்ச்சுவல் மெஷின் பிளட்ஃபோம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளட்ஃபோம், சான்ட்பொக்ஸ் ஆகியவற்றின் டிக்கை எடுத்து, மெமரி இன்டெக்ரிட்டியையும் நிறுத்தி, மறுதொடக்கம் செய்வது. இதைச் செய்தால் டபிள்யூஎஸ்எல் 2 ஓடாது. மென்பொருட்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் டொக்கர் அதை நம்பியிருந்தால் அதுவும் ஓடாது. மெமரி இன்டெக்ரிட்டி என்பது உண்மையான பாதுகாப்பு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வங்கிக் கணக்கு பார்க்கிற, வீட்டார் எல்லோரும் பாவிக்கிற லப்டொப்பில் அதை நிரந்தரமாக நிறுத்திவைப்பதை நான் விரும்புவதில்லை. பயிற்சி முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

மற்ற வழி, ஆசனத்தில் இருப்பவரிடமே கேட்பது. விண்டோஸ் புரோ பதிப்பு என்றால் ஹைப்பர்-வியையே எல்-0 ஆக வைத்து, அதற்குள் எல்-1 ஐச் செய்யலாம். பவர்ஷெல்லில் அந்த விஎம்மின் புரொசசர் அமைப்பில் மெய்நிகராக்க வசதியை வெளிக்காட்டு என்று ஒரு கட்டளை கொடுக்க வேண்டும்; அந்த நேரம் விஎம் அணைந்திருக்க வேண்டும். இன்டெல் செயலிகளுக்கு இது விண்டோஸ் 10, சேர்வர் 2016 காலத்திலிருந்தே உண்டு. ஏஎம்டிக்கு விண்டோஸ் 11, சேர்வர் 2022 வேண்டும். ஏஎம்டி லப்டொப்பில் விண்டோஸ் 10 வைத்துக்கொண்டு இதோடு மல்லுக்கட்டி இரவுகளை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

தங்கச்சியின் லப்டொப் ஹோம் பதிப்பு, ஆகவே முதல் வழி. மறுதொடக்கம் செய்து புரொக்ஸ்மொக்ஸை எழுப்பியபோது ஆமை இல்லை.

மூன்றாம் படி எல்-1. வசதி உள்ளே வந்துவிட்டதா என்று எல்-1 இன் கட்டளைத் திரையிலேயே பார்க்கலாம். எல்எஸ்சிபியு என்று தட்டினால் செயலியின் விவரம் வரும். அதில் ஃபிளாக்ஸ் என்ற நீண்ட வரிசையில், இன்டெல் என்றால் விஎம்எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற மூன்று எழுத்து இருக்க வேண்டும். இதில் ஒரு மயக்கம் உண்டு. அதே பட்டியலில் 'வேர்ச்சுவலைசேஷன் டைப்: ஃபுல்' என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்து வசதி வந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். நீ ஒரு விஎம்முக்குள் இருக்கிறாய் என்பதை மட்டும் சொல்லும் வரி அது. நம்ப வேண்டியது அந்த மூன்று எழுத்தை.

எழுத்து இருந்தும் ஓடவில்லை என்றால், டெவ் கோப்புறையில் கேவிஎம் என்ற சாதனக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேவிஎம் தொகுதி ஏறவில்லை. கோப்பு இருந்து, அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால் உங்கள் பயனர் பெயர் கேவிஎம் குழுவில் இல்லை. சேர்த்துவிட்டு ஒரு தடவை வெளியேறி உள்ளே வர வேண்டும்.

எல்-0 லினக்ஸாக இருந்தால் வேலை இன்னும் சுகம். கேவிஎம்-இன்டெல் தொகுதியின் அளபுருக்களில் நெஸ்டட் என்ற கோப்பை வாசித்தால் வை அல்லது 1 என்று வர வேண்டும். லினக்ஸ் கரு 4.20 முதல் இன்டெலுக்கு இது தானாகவே இயங்குகிறது. அது சரியாக இருந்தும் எல்-1 இல் மூன்று எழுத்து வரவில்லை என்றால், அநேகமாகச் சிபியு மாதிரிதான் காரணம். விஎம்முக்குப் பொதுவான ஒரு செயலிப் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். அதை மாற்றி, இருக்கிற செயலியை அப்படியே காட்டும் ஹோஸ்ட்-பாஸ்த்ரூ என்ற தெரிவை வையுங்கள். பிறகு எல்-1 ஐ முற்றாக அணைத்துத் திரும்பத் தொடங்குங்கள். உள்ளிருந்து ரீபூட் கொடுத்தால் போதாது. பழைய செயலியோடுதான் அது திரும்ப எழும்பும். நான் பார்த்த சிக்கல்களில் கணிசமானவை இந்த ஒரு ரீபூட்டில் நின்றவைதான்.

விஎம்வெயார் வேர்க்ஸ்டேஷனில் நெஸ்டட் டிக் போட்ட விஎம்மைத் தொடங்கும்போது, இந்த வசதி இங்கே ஆதரிக்கப்படவில்லை, இது இல்லாமல் தொடரலாமா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று தட்டினால் எல்-1 அழகாக எழும்பும். எல்-2 எழும்பாது. அந்தக் கேள்வி வந்தாலே பெரும்பாலும் ஹைப்பர்-வி ஆசனத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எல்-2 எழும்பியும் நத்தை மாதிரி ஊர்ந்தால், முதலில் அது கேவிஎம்மில்தான் ஓடுகிறதா என்று பாருங்கள். வசதி கிடைக்காதபோது சில கருவிகள் பேசாமல் க்யூஇஎம்யூவின் மென்பொருள் பாவனைக்கு இறங்கிவிடும்; ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து ஓடும். எல்-2 க்குள் சிஸ்டம்டி-டிடெக்ட்-வேர்ட் என்ற கட்டளையைக் கொடுத்தால் கேவிஎம் என்றோ க்யூஇஎம்யூ என்றோ பதில் வரும். க்யூஇஎம்யூ என்று வந்தால் மறுபடி படிகளில் இறங்க வேண்டியதுதான். கேவிஎம் என்று வந்தும் மெதுவாக இருந்தால், முன்னே சொன்ன மணியடிப்பு ஓட்டங்களின் விலை அது. கொஞ்சம் பொறுக்க வேண்டும். நினைவகத்தையும் பாருங்கள். 8 ஜிபி லப்டொப்பில் எல்-1 க்கு 4 ஜிபிக்கு மேல் கொடுத்தால் விண்டோஸ் திணறும். அந்த 4 க்குள்தான் எல்-2 எல்லாம் வாழ வேண்டும்.

அன்று எங்களுக்கு எல்-2 எழும்பியது, ஆனால் இணையம் போகவில்லை. இதுவும் வழமையானது. எல்-2 க்கு, வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் மெக் முகவரி ஒன்று உண்டு. வெளியே இருக்கும் எல்-0 இன் மெய்நிகர் சுவிட்சுக்கு எல்-1 இன் முகவரியைத்தான் தெரியும். தெரியாத முகவரியோடு வருகிற பொதிகளை அது தள்ளிவிடுகிறது. வேர்ச்சுவல்பொக்ஸில் வலையமைப்பு அடாப்டரின் புரொமிஸ்குவஸ் மோட் என்பதை அலவ் ஓல் ஆக்க வேண்டும். ஹைப்பர்-வியில் அதன் பெயர் மெக் ஸ்பூஃபிங். வைஃபை வழியாக பிரிட்ஜ் செய்திருந்தால், அதாவது விஎம்மை வெளி வலையமைப்போடு நேரே இணைத்திருந்தால், இன்னொரு சிக்கல்: வைஃபை பெட்டி பொதுவாக லப்டொப்பின் ஒரேயொரு மெக்கைத்தான் ஏற்கும். எங்கள் பிள்ளைகளில் அநேகர் போன் ஹொட்ஸ்பொட்டில்தான் படிக்கிறார்கள். அவர்களுக்கு என் யோசனை, எல்-1 க்குள்ளேயே நாட் (உள்ளே இருப்பவை எல்-1 இன் முகவரியாலேயே வெளியே போக விடும் முறை) வைத்து, எல்-2 ஐ அதன் பின்னால் நிறுத்துவது.

லினக்ஸுக்குள் லினக்ஸ் வைப்பவர்களுக்கு, விஎம்களை நிர்வகிக்கும் லிப்வேர்ட் என்ற கருவியின் ஒரு பொறி காத்திருக்கும். அதன் இயல்பான வலையமைப்பு 192.168.122 என்று தொடங்கும். எல்-0 இலும் அதே, எல்-1 இலும் அதே. இரண்டும் ஒரே எண்ணைப் பிடித்தால் எல்-1 இல் வலையமைப்பு ஏற்கனவே பாவனையில் உள்ளது என்று பிழை வரும். எல்-1 இல் 122 ஐ வேறோர் எண்ணாக்கினால் சரி.

இருட்டுகிற நேரம் எல்-2 இல், இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளை ஓடத் தொடங்கியது. தங்கச்சி இரண்டாவது எல்-2 ஐச் செய்து, இரண்டையும் ஒன்றோடொன்று பேசவிட்டு, வரிசையாக வந்த பதில்களைப் போனில் படமெடுத்துக்கொண்டார். சேர்வர் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ பணமில்லாத பிள்ளைக்கு, மடியில் இருக்கும் ஒரே லப்டொப்பில் ஒரு சேர்வர் அறையே திறந்துகொண்டது. இந்தச் சிக்கலை இவ்வளவு நீட்டி எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

போக வெளிக்கிடும்போது, பழக்கப்படி லப்டொப்பின் மூடியைச் சாத்தப் போனார். தடுத்தேன். மூடியைச் சாத்தினால் லப்டொப் உறங்கப் போகும், உள்ளே ஓடுபவை பாதியில் நிற்கும். எல்-2 ஓடிக்கொண்டிருக்கும்போது எல்-1 இன் நிலையைச் சேமித்து வைப்பது பாதுகாப்பானதல்ல. ஏஎம்டி கணினிகளில் எல்-1 ஒரு தடவை எல்-2 ஐத் தொடங்கிவிட்டால், எல்-1 அணையும்வரை அதைச் சேமிக்கவோ வேறு கணினிக்கு மாற்றவோ வேண்டாம் என்று கேவிஎம்மின் ஆவணமே எச்சரிக்கிறது. இன்டெலிலும் நான் அதையே கடைப்பிடிக்கிறேன். கரண்ட் போய், பற்றரி இறங்கிக்கொண்டிருந்தாலும் இதே ஒழுங்குதான்: முதலில் எல்-2 இரண்டையும் அணைக்க வேண்டும், பிறகு புரொக்ஸ்மொக்ஸ், கடைசியாக விண்டோஸ். அன்று அந்த மூன்றுக்கும் நாலு நிமிடம் பிடித்தது. விண்டோஸை அணைக்க முன்னமே மெமரி இன்டெக்ரிட்டியைத் திரும்பப் போட்டிருந்தார். பிறகு லப்டொப்பைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.